ஆறு பவுண்டு மாவு

தராசு வைத்திருப்பவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நீங்களும் நம்புகிறீர்களா? ஹைட்டி நாட்டில், ஈன்ஷ் ஊரில், கெர்டா அப்படித்தான் நம்பினாள்.

அவள் பள்ளிச் சமையல்கூடத்தின் சரக்கறையைப் பார்த்துக்கொள்பவள். குடும்பத்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண். சந்தையில் எல்லாமே தகர டப்பா அளவுதான். அரிசியோ மாவோ, தலை தட்டினால் ஒரு டப்பா. அந்த வருஷம் பள்ளிக்கு ஒரு தராசும் கூடவே ஒரு தாளும் வந்தன. ‘ஒரு டப்பா, ஆறு பவுண்டு’ என்றது தாள். எதற்கு ஆறு என்று அதில் இல்லை. கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

பதினெட்டு வருஷமாக மாவு விற்கும் ஓதனீஸ் என்பவளின் டப்பாவை முதலில் நிறுத்தாள். நாலு பவுண்டுதான் நின்றது.

“பிள்ளைங்க சாப்பாட்டுலயா திருடுற?” சந்தையே திரும்பிப் பார்த்தது.

“மாவு அவ்வளவுதான் நிக்கும், மதாம். அரிசியா அது?”

“எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?”

கெர்டா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மறு சந்தையில் ஓதனீஸின் இடம் காலியாகக் கிடந்தது.

பிறகு வேறொருத்தியிடம் மாவு வாங்கினாள் கெர்டா. அதே நாலு. மூன்றாமவளிடமும் நாலுதான். பிடுங்கி வந்த டப்பாவில் அரிசியைக் கொட்டி நிறுத்தாள். முள் ஆறில் வந்து நின்றது. சரக்கறைக் கதவைச் சாத்திவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அரிசி கனம், மாவு லேசு. கையில் ஒரு பிடி அள்ளினாலே தெரிகிற விஷயம். தாளைப் பார்த்தவள் கையைப் பார்க்கவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு ஓதனீஸின் வீட்டுக்குப் போனாள். தலை நிமிரவில்லை.

“தப்பு என்னோடதுதான் அக்கா.”

ஓதனீஸ் டப்பாவைத் தொடவில்லை. “திருடின்னு கத்துனது சந்தை நடுவுல. தப்புன்னு சொல்றது மட்டும் என் வீட்டு வாசல்லயா?”

சனிக்கிழமை, கூட்டம் முட்டுகிற நேரம், கெர்டா தராசைச் சந்தை நடுவில் வைத்தாள். அதே டப்பாவில் அரிசி நிறுத்தாள், மாவு நிறுத்தாள். “ஓதனீஸ் திருடல. எனக்குத்தான் தெரியல,” என்றாள். இன்னும் உரக்க மறுபடி சொன்னாள்.

“இதுக்கா இத்தன வருஷம் படிச்ச?” என்று வாழைக்காய்க்காரி கேட்க, சந்தை சிரித்தது.

“உங்களுக்கெல்லாம் தெரியும்தானே? அன்னைக்கே ஏன் சொல்லல?” என்று கேட்டாள் கெர்டா.

“அவ சொன்னாளே, நீ கேட்டியா? தராசும் காகிதமும் உன் கையில. நாங்க வாயத் தொறந்தா எங்களையும் திருடின்னுருப்ப.”

எழுத்தறியாதவளின் அறிவை அறிவென்றே எண்ணாத ஊரில், காகிதம் கேள்வி கேட்பாரில்லாமல் ஆளுகிறது.

ஓதனீஸ் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டாள். ஆனாலும் அவளிடம் வாங்கியதை இன்னொரு கடையில் அளந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் கெர்டா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

உங்கள் கடைத்தெருவிலும் இப்படிக் கெட்ட பேர் சுமக்கிற ஒருத்தி இருப்பாள். அவள் அளவை நீங்களே நிறுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால், அதை நாலு பேர் காதில் விழும்படி அங்கேயே சொல்லுங்கள்.