அம்மாவின் பையைத் திறந்தவர்கள்

என் கணவரின் அக்காவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் எப்படியும் இவள் மனசு இளகிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி, கடல் தாண்டி மலாய் நாட்டுக் கோல சிலாங்கூருக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. கணவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. அவருடைய அப்பா சபாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். நான் வருவதற்கு முன்பே மாமனார், மாமியார் இரண்டு பேரும் போய்விட்டார்கள். லயத்து வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அந்த அக்கா இப்போது ரவாங்கில் மாடி வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் என்ன திரைச்சீலை தொங்க வேண்டும் என்பதுவரை ரவாங்கிலிருந்தே முடிவாகும். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

வந்த மறுநாள் காலையில் அண்ணி போனில், "பசியாறியாச்சா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. இன்னும் பசியே எடுக்கவில்லையே, அப்புறம் எப்படி ஆறும் என்று யோசித்து, "இல்ல அண்ணி, பசிக்கல" என்றேன். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. அந்த வாரமே கோயில்காரர்கள் இரண்டு பேர் கல்யாணம் விசாரிக்க வந்தார்கள். "என்ன தண்ணி வேணும்னு கேட்டுக் கலக்கிக் குடு" என்றார் அன்று வந்திருந்த அண்ணி. எங்கள் ஊரில் தண்ணி கலக்குவது பொம்பளைகள் செய்யும் வேலை இல்லை. கோயில்காரர்களுக்கே இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று திகைத்து நின்றுவிட்டேன். தேத்தண்ணி, காப்பி, சிரப்பு எல்லாமே இங்கே தண்ணிதான் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையை அண்ணி எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "ஊர்க்காரங்க லா, அப்படித்தான் இருப்பாங்க" என்பார்.

ஊர்க்காரர் என்றால் எங்கள் பக்கம் நம் ஆள் என்று அர்த்தம். வெளியூரில் ஓர் ஊர்க்காரரைப் பார்த்துவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவோம். இங்கே அது இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறிக்கும் சொல். ஒரு மாதிரி உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்லுவார்கள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். புது இடத்தில் எல்லோருக்கும் நடப்பதுதானே.

நான் மன்னிக்காதது இதை அல்ல.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். இங்கே அப்படி இல்லை என்று அண்ணி சொல்லிவிட்டதால் அம்மா கிளம்பி வந்தாள். முதல் விமானப் பயணம். இரண்டு மாதம் இருந்து என்னையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அம்மாவுக்கு இந்த ஊர் பிடித்துப்போனது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவோடு ஒரு வார்த்தைகூடப் பொதுவில்லாமல் பழகினாள். அவர்கள் வேலியோர முருங்கையை இவள் ஒடிப்பாள், பதிலுக்கு இவள் அரைத்த துவையல் அங்கே போகும். கையைத் தொட்டுவிட்டு நெஞ்சில் வைத்துக்கொள்ளும் அவர்கள் வழக்கத்தை அம்மாவும் பழகிக்கொண்டு, தபால்காரருக்கும் அப்படியே செய்தாள். காலியான ஐஸ்கிரீம் டப்பாக்களை நாங்கள் தூக்கிப் போடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து எடுத்து வைத்தாள். அண்ணி அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிடுவார். அத்தை என்று கூப்பிடுவார் என்று அம்மா எதிர்பார்த்திருந்தாள். "முன்பக்கம் பொடவ காயப்போடாதீங்க ஆன்ட்டி, கம்பம் மாதிரி இருக்கு" என்றார் அண்ணி. கம்பம் என்றால் இங்கே பட்டிக்காடு. புடவைகள் பின்பக்கம் போயின.

குழந்தைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டோம். வீடு கொள்ளாத கூட்டம். ரவாங்கிலிருந்து அண்ணி குடும்பம், கலும்பாங்கிலிருந்து அண்ணி புருஷனுடைய தம்பிமார் குடும்பங்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அண்ணி குழந்தைக்காக வாங்கி வந்த தங்கக் காப்பைக் காணவில்லை. நான் உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அலமாரி திறக்கும் சத்தமும் மெத்தையைப் புரட்டும் சத்தமும் கேட்டன. பிறகு அண்ணியின் குரல், வழக்கத்தைவிட மென்மையாக.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க லா. உங்க பையைக் கொஞ்சம் பாத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

அந்தக் கூடத்தில் கைப்பை இல்லாத பெண் ஒருத்திகூட இல்லை. கேட்கப்பட்டது ஒரு பை மட்டும்.

அம்மா எழுந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பையைத் தானே இழுத்து வந்து கூடத்துப் பாயில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பொருளாகத் தன் கையாலேயே எடுத்து வைத்தாள். நான் குழந்தையோடு எழுந்து அறை வாசலுக்கு வந்தபோது பாதி வெளியே வந்திருந்தது. புடவைகள், ஆம்பிளைகள் நிற்கும்போதே உள்பாவாடைகள், தைல பாட்டில், ஒன்றுக்குள் ஒன்று செருகிய ஏழு ஐஸ்கிரீம் டப்பா. கடைசி டப்பாவைத் திறந்ததும் உள்ளே சின்னச் சின்ன பிஸ்கட் பொட்டலங்கள். ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்ததில் நான் சாப்பிடாமல் வைத்தவை. அப்பாவுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். "ஐயே, ஹாஸ்பிட்டல் பிஸ்கட்" என்று யாரோ ஒரு பிள்ளை சொல்ல, கூடம் சிரித்தது. சிரித்தவர்கள் கையிலெல்லாம் எங்கள் வீட்டுப் பிரியாணியைத் தாப்பாவ் கட்டிய பிளாஸ்டிக் பைகள். விருந்தில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவது இங்கே வெட்கமில்லை.

"போதுமாம்மா?" என்று அம்மா அண்ணியைக் கேட்டாள்.

என் கணவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் ஒன்றும் பேசவில்லை. இத்தனை வருஷமும் என்னை அரித்தது அந்த மௌனமும்தான். அண்ணியின் மகள், பதிமூன்று வயதுப் பெண், அவள் ஒருத்திதான் பாயில் உட்கார்ந்து அம்மாவோடு சேர்ந்து புடவைகளை மடித்துக் கொடுத்தாள்.

மூன்று நாள் கழித்து அண்ணி தம்பிக்குப் போன் செய்தார். காப்பு அவருடைய காரிலேயே இருந்ததாம். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று அவரே எடுத்து வைத்துவிட்டு மறந்துவிட்டாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா பயணத்தை முன்னால் போடச் சொன்னாள். போகும்போது டப்பாக்களை அடுப்படியிலேயே அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

அடுத்த தீபாவளிக்கு ரவாங் போனபோது நான் சின்னதாக ஒன்று செய்து பார்த்தேன். கிளம்பும் நேரம் என் கைப்பையைத் திறந்து அண்ணி முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு இருக்கியா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். தண்ணிக் கதையோடு இந்தக் கதையும் கல்யாண வீடுகளுக்குப் போனது. இவரை இப்படித் தொட முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. காத்திருந்தேன். பதினோரு வருஷம். சமைத்தேன், அண்ணி வந்தால் பரிமாறினேன், மகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். இந்த ஊர்க்காரர்கள் மாதிரி பேச்சுக்குப் பேச்சு லா போட்டுப் பேசக்கூடக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு நாள்கூட மறக்கவில்லை.

அண்ணியின் மகள் மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டுக்குப் போனாள். படிப்பு முடியும்போது கூடப் படித்த தஞ்சாவூர்ப் பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அண்ணி எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுதார். "போயும் போயும் ஒரு ஊர்க்காரனா கெடைச்சான்?" என்று நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். எதிரில் நான் நிற்பது அவருக்குத் தோன்றவேயில்லை. பையன் டாக்டர், குடும்பம் வசதி என்றதும் இரண்டு மாதத்தில் சம்மதித்தார்.

ஒரு நாள் காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா எனக்குப் போன் செய்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பெண் கொடுக்கும் வீட்டில் நம் பக்கத்துக்காரி ஒருத்தி இருக்கிறாளே என்று விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார். பெண் எப்படி என்றார். தங்கமான பெண் என்று உண்மையைச் சொன்னேன். "உங்க நாத்தனார்?" என்றார். அதற்கும் உண்மையைச் சொன்னேன். காப்பு, பாய், உள்பாவாடை, பிஸ்கட், சிரிப்பு என்று ஒன்றுவிடாமல். சம்பந்தம் முறிந்துபோனால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. முறிந்தால் முறியட்டும் என்று தொடர்ந்து பேசினேன். புடவைகளை மடித்துக் கொடுத்த பெண்ணையும் அந்த நேரத்தில் நினைத்தேன். நினைத்தும்தான் பேசினேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, என் அம்மா எந்த ஊரில் இருக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்.

சம்பந்தம் முறியவில்லை. நிச்சயத்துக்குப் பையனும் பெற்றோரும் ரவாங்குக்கு வந்தார்கள். அண்ணி மாடி அறைக்குப் புது மெத்தை போட்டு, குளியலறைக்குப் புதுக் குழாய் வைத்து, வாசலில் தோரணம் கட்டியிருந்தார். கலும்பாங் உறவுகள் எல்லாம் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி பையனின் அப்பாவிடம், "சம்பந்திக்கு என்ன தண்ணி கலக்கட்டும்?" என்று கேட்டார். அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பழக்கமே தனக்குக் கிடையாது என்று அவசரமாகச் சொன்னார். அண்ணி விழித்தார். எப்போதும் நடுவில் புகுந்து விளக்குவது என் வேலை. அன்றைக்கு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோகும்படி அண்ணி என் கணவரிடம் சொன்னார். பையனின் அம்மா எழுந்தார்.

"வேண்டாம் சம்பந்தி. நாங்க இவங்க வீட்லயே தங்கிக்கிறோம்" என்று என்னைக் காட்டினார்.

"அங்கயா? ரெண்டே ரூம்தான் இருக்கு. இங்க எல்லாம் ரெடியா இருக்கே, ஏன்?"

"இங்க தங்கினா, கெளம்பும்போது பையத் தெறந்து காட்டணுமே. இந்த வயசுல எனக்கு அது முடியாதும்மா."

குரலை உயர்த்தவேயில்லை. வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் சொன்னார்.  கலும்பாங்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் அவர்கள். அண்ணி என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்து நெற்றிவரை அவர் முகம் கருத்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. கையில் இருந்த சிரப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை.

மூன்று நாள் அவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். நிச்சயம் நடந்தது, பிறகு கல்யாணமும் நடந்தது. அண்ணியின் மகள் மட்டும் கொஞ்ச காலம் என்னிடம் பேசவில்லை. பேசியபோது, "அத்தை, நானுந்தான் அன்னிக்கு அங்க இருந்தேன். அதுக்கு என்னோட நிச்சய நாளையா எடுத்துக்கணும்?" என்று கேட்டாள்.  மன்னிப்புக் கேட்டேன், அவளிடம் மட்டும்.

ரவாங்கில் அந்தப் பேச்சு நடந்த அன்று சாயங்காலமே நான் அம்மாவுக்குப் போன் செய்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அந்தம்மா இங்க வந்துட்டுப் போனாங்க" என்றாள். "அப்படி எதுவும் நடக்கலன்னு சொல்லி அனுப்பினேன்."

"ஏம்மா?"

"ஒங்கப்பாகிட்டகூட நான் அதச் சொன்னதில்லடி. பையில எடம் இல்லாம டப்பாவ வச்சிட்டு வந்தேன்னுதான் சொன்னேன். பதினோரு வருசமா மூடி வச்சிருந்தத நீ எல்லாருக்கும் தொறந்து காட்டிட்ட."

போனை வைத்துவிட்டாள். ஒரு மாதம் நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை.  இப்போது பேசுகிறாள், பேத்தியைப் பற்றி, மழையைப் பற்றி. அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அம்மாவிடம் நான் செய்தது தப்புதான். அண்ணியிடம் செய்தது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

போன மாதம் அண்ணி தனியாகப் பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். உடம்பு இளைத்திருந்தது. நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். கதை எதுவும் சொல்லாமல் பாதி குடித்தார். பிறகு, "ஒங்கம்மா நம்பர் குடு. நான் பேசணும்" என்றார். முதல் முறையாக ஆன்ட்டி என்று சொல்லவில்லை. தம்பியிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அவர், அவளிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷத்தில் என் கணவர் அக்காவுக்கு மறுத்த ஒரே காரியம் அது.

மன்னிப்புக் கேட்டுவிட்டால் அண்ணிக்குப் பாரம் இறங்கிவிடும். அம்மாவுக்கு மறுபடியும் அந்தக் கூடத்தில் போய் உட்கார வேண்டியிருக்கும். அம்மாவைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன்.

இன்னும் கேட்கவில்லை. அண்ணி வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு நினைவுபடுத்துகிறார். கேட்கிறேன் அண்ணி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைக்கிறேன்.