தனபால் வைத்த பொட்டு

லோகப்பிரியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளகோவிலில் படிக்கும்போதே வாத்தியார் போட்ட கணக்கைத் திருத்தி அடி வாங்கியவள். முப்பத்தாறு வயதிலும் திருந்தவில்லை. கோயமுத்தூருக்கு வெளியே ஹெலிகாப்டர் கதவு செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. பசை வைத்து ஒட்டிய கார்பன் தகடுகளை உடைக்காமல் சோதித்து, ஒட்டு பிடித்திருக்கிறது என்று தன் பெயர் போட்ட ரப்பர் சீலைக் குத்த வேண்டும். அது விழாமல் ஒரு கதவும் வெளியே போகாது. மேனேஜர் தனபாலுக்கு அது ஆகவே ஆகாது.

நம் ஊரில் சண்டை முற்ற முற்ற ‘ங்க’ கூடும். அவர்கள் இருவரும் மூச்சுக்கு இரண்டு ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள் அது வெடித்தது. பூசையன்று தனபால் கை நிறையச் சந்தனத்தோடு கிளம்பி, மிஷின், மேசை, ஸ்பேனர் என்று கண்டதற்கெல்லாம் பொட்டு வைத்தார். ஒட்டுவதற்காகத் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்திருந்த மூன்று கதவுத் தகடுகளையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் தோள் துண்டால் அதை ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்து, பசை தடவ அனுப்பிவிட்டார். பசை தடவும் கோமளா சொல்லித்தான் லோகப்பிரியாவுக்கே தெரியும்.

அல்ட்ராசோனிக் மிஷினை வைத்து மூன்று கதவுகளையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். எங்கேயும் குறை காட்டவில்லை.

“அப்பறம் என்னங்க? மிஷினே நல்லா இருக்குதுங்குது. சீலைப் போடுங்க, மத்தியானம் லாரி வருது” என்றார் தனபால்.

“இடைவெளி இருந்தாத்தானுங்க மிஷின் காட்டும். பசை கவ்விப் பிடிச்சிருக்குதா, சும்மா தொட்டுக்கிட்டு நிக்குதான்னு அதுக்குத் தெரியாதுங்க. நீங்க வெச்ச சந்தனம் உள்ள இருக்குது. ஒண்ணைப் பிரிச்சுப் பாக்கோணுமுங்க.”

“சாமிக்கு வெச்ச பொட்டைக் குத்தம் சொல்றீங்களா? பொம்பளை கையில சீலைக் குடுத்தா இப்படித்தானுங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. கண் கலங்கியதே, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

“நீங்க அதுல ஏறிப் பறக்கறதா இருந்தாச் சொல்லுங்க, இப்பவே போடறனுங்க.”

அவர் வாய் திறப்பதற்குள் ஒரு கதவின் விளிம்பில் உளியை வைத்து அடித்தாள். விளிம்பில் நார் நாராகப் பிய்ந்த தகடு, நடுவில் வந்ததும் தானாகக் கழன்றது. உள்ளே துண்டு இழுத்த அகலத்துக்குப் பசை ஒட்டாமல் பளபளவென்று கிடந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் வட்டம்.

தனபால் அதைப் பார்த்தார். தன் விரலையும் பார்த்துக்கொண்டார்.

“சரிங்க, அது போகட்டும். மத்த ரெண்டுக்கும் போட்டுருங்க” என்றார்.

அடப்பாவி மனுஷா!

லோகப்பிரியா மற்ற இரண்டிலும் தள்ளுபடிச் சீலைச் சிவப்பு மையில் குத்தினாள். சிவப்பு விழுந்தால் விழுந்ததுதான், முதலாளியே வந்தாலும் அழிக்க முடியாது.

“நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க.”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் ஒருநாளும் ‘போயிட்டு வாரனுங்க’ என்று சொல்லாமல் அவள் படி இறங்கியதில்லை, தனபாலிடமும்தான். அன்றைக்கு அவர் முகத்துக்கு நேராக, “போறனுங்க” என்றாள்.

சகுனம் பார்க்கிற மனுஷன், முகம் செத்துப்போயிற்று. மத்தியானம் வந்த லாரி காலியாகத் திரும்பிப் போனது.