அமாவாசையில் மட்டும் நின்ற வேன்

ஜாக்கிக் கம்பி மணிக்கட்டில் விழும் ஓசை பெரிதாக இருப்பதில்லை. பச்சைக் கிளையை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல, அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் வேன் நிற்கும் தகரக் கொட்டகையின் வாசலில், பதினைந்து இருபது பேர் பார்த்திருக்க அந்த ஓசையைக் கேட்டேன். கம்பி என் அப்பாவின் கையில் இருந்தது. மணிக்கட்டு எங்கள் டிரைவருடையது. முகத்துக்கு வந்த அடியை அவர் இடக்கையால் தடுத்திருந்தார். அலறவில்லை, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். அப்பா மறுபடி ஓங்கியபோது டீக்கடைக்காரர் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அப்பா திருவள்ளூரில் கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வேலையைத் தம்பிக்கு விட்டுவிட்டு, பட்டாளத்தார் கழித்துவிட்ட ஒரு வேனை வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். நான் ஆசிரியப் பயிற்சி முடிக்க வேண்டும் என்பதற்காக ஊரார் பேச்சையெல்லாம் தனியாளாக எதிர்த்தவர் அவர். சோறு குழைந்ததற்காக அம்மாவின் மேல் வெண்கலச் செம்பை வீசியவரும் அவர்தான். இரண்டையும் செய்தது ஒரே மனிதர் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

மற்ற நாட்களில் வேன் புதிதாக வந்திருந்த தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும். அமாவாசையன்று மட்டும் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு, குளத்தில் வெல்லம் கரைக்கப் போகிறவர்களைக் கொண்டுபோகும். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த தகரப் பலகையில் அப்பா தம் கையாலேயே ஒரு நீண்ட திருகாணியை முடுக்கி, வீரராகவர் படத்தை மாட்டியிருந்தார். அமாவாசை விடியலில் துளசியும் சம்பங்கியுமாகக் கனத்த மாலை கட்டி, நீர் சொட்டச் சொட்ட அந்தத் திருகாணியில் தொங்கவிடுவார். டிரைவர் கிறிஸ்தவர், அவருடைய முன்னோர்கள் பிறர் வயல்களில் உழைத்தவர்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே, படத்தின் மேல் அவர் கை படக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்று ஆண்டுகளாக அவர் அதை மீறவில்லை. தூசு துடைக்கும்போதுகூடத் துணி படத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.

அந்த ஆண்டு இரண்டு அமாவாசைகளில் வேன் நடுவழியில் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் செத்துவிடும். ஒயர் கருகும் நாற்றம் வரும். சிறிது நேரத்தில் ஒன்றுமே நடவாதது போல மறுபடி கிளம்பும். எங்கோ ஒயர் தகரத்தைத் தொடுகிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எங்கே என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவரிடம் காட்டும் நாட்களில் வண்டி ஒழுங்காக இருந்தது. அப்பாவே ஓட்டிப் பார்த்த நாட்களிலும் அப்படியே.

மூன்றாம் அமாவாசையில் அது ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றது. கேட்காரர் சிவப்புக் கொடியோடு கத்திக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஒரு கிழவிக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆண்கள் சேர்ந்து வேனைத் தள்ளி அப்பால் சேர்த்த பிறகு, ரத்தக் காயத்தோடு இருந்தவர்கள் டிரைவரைச் செருப்பால் அடித்தார்கள். மிச்சத்தைக் கொட்டகை வாசலில் அப்பா அடித்தார். போட்டிக்கு வேன் ஓட்டும் யாரோ தூண்டிவிட்டதால் டிரைவர் வேண்டுமென்றே சாவியைத் திருகி அணைக்கிறார் என்பது அவர் முடிவு. அப்படியே போலீசில் எழுதியும் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் டிரைவர் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனால் திரும்ப மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, அப்பா கிழவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் டிரைவர் வந்தார். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

“சாவி குடு டீச்சரம்மா. ஓட்டிக்கினு போயிட மாட்டேன். உள்ள போறதுக்கு முன்ன, அது இன்னா எழவுன்னு பாத்துட்டுப் போறேன்” என்றார். எனக்கு டீச்சர் வேலை கிடைக்கும் முன்பே அவர் என்னை அப்படித்தான் அழைப்பார்.

கொடுத்தேன். அவர் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஒயரைக் கழற்றி, இடையில் ஒரு பல்பை வைத்துக் கட்டச் சொன்னார். ஒரு கையால் அவருக்கு முடியவில்லை, நான் கட்டினேன். பல்பைப் பக்கக் கண்ணாடிக் கம்பியில் தொங்கவிட்டோம். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது அது எரியக் கூடாது. எரிந்தால், அந்த நொடியில் எங்கோ ஒயர் தகரத்தைத் தொடுகிறது என்று பொருள். ஒவ்வொரு ஒயராகப் பிடித்து அசைத்தார். சீட்டுக்கு அடியில் படுத்தார். தோளால் முட்டி வண்டியை ஆட்டினார். ஒவ்வொரு முட்டலுக்கும் வலியில் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரமாகியும் பல்பு எரியவில்லை.

அமாவாசையன்று மட்டும் வண்டியில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று கேட்டேன். ஜனம், வெல்ல மூட்டை, திருவள்ளூர் பாதை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். இருவரும் படத்தைப் பார்த்தோம். அந்த வேனில் அவர் கை படாத இடம் அது ஒன்றுதான். ஒவ்வொரு அமாவாசையும் வண்டி திரும்பியதும் அப்பா முதலில் செய்வது மாலையைக் கழற்றி வீட்டுப் பூசையறையில் சேர்ப்பது. ஆகவே வண்டியைச் சோதிக்க வந்த எவரும் மாலையோடு அதைப் பார்த்ததே இல்லை.

பூசையறையிலிருந்து முந்தின நாள் மாலையை எடுத்து, நீரில் நனைத்துக் கொண்டுவந்தேன். டிரைவர் எட்டி நின்றார். “நீயே மாட்டு. நான் தொட்டா இன்னொரு கையும் போயிடும்” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், உதடு கிழிந்திருந்ததால் முடியவில்லை.

மாட்டிவிட்டு நான் இறங்கும்போது அப்பா வந்துவிட்டார். அவர் கண்ணில் பட்டது சாமி மாலையும், வேனின் கதவருகே அந்த மனிதரும்தான். நான் குறுக்கே போனேன். அறைந்த வேகத்தில் தரையில் விழுந்தேன். டிரைவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வேனின் பக்கவாட்டில் மோதினார். வேன் குலுங்கியது. உள்ளே மாலை ஆடியது. பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. அப்பா மறுபடி மோதினார். மறுபடி எரிந்தது.

அப்பாவின் பிடி சட்டையிலேயே இருந்தது. கண்கள் மட்டும் பல்புக்குப் போயிருந்தன.

“இன்னொரு தபா தள்ளு மொதலாளி. நல்லா பாத்துக்கோ” என்றார் டிரைவர்.

அப்பா தள்ளினார். பல்பு எரிந்தது. நம்ப முடியாமல் தள்ளினாரா, கோபத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தள்ளினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அவருக்கு இருந்த வயதைத் தாண்டி நான் வெகுதூரம் வந்துவிட்டேன். என் நினைவு திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த மூன்றாவது தள்ளலில்தான்.

திருகாணியையும் அப்பாவையே கழற்றச் சொன்னார் டிரைவர். தான் தொடக் கூடாது அல்லவா என்றார். குரலில் கேலி இல்லை. அப்பா கழற்றினார். பலகைக்குப் பின்னால், திருகாணியின் முனை அழுத்தும் இடத்தில் ஒயரின் தோல் கருகி, தாமிரம் தெரிந்தது. மாலையின் கனத்தில் திருகாணியின் தலை தாழும்போதெல்லாம் மறுபுறம் முனை எழும்பி அதைத் தொட்டிருக்கிறது.

அப்பா அப்போதே ஸ்டேஷனுக்குப் போய், தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்து வந்தார். ஒரு மாதம் கழித்து, அடி விழுந்த அதே கொட்டகை வாசலில், அதே டீக்கடைக்காரர் முன்னிலையில், நடந்ததைச் சொன்னார். பிறகு டிரைவரிடம் வேன் சாவியை நீட்டினார். அப்பா ஒருவரிடம் குனிந்து நின்றதை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

டிரைவர் கட்டு அவிழ்த்த கையைக் காட்டினார். எலும்பு கோணிச் சேர்ந்திருந்தது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

“கியர் போடற கை இது மொதலாளி” என்றார்.

அப்பா சாவியை நீட்டியபடியே நின்றார். டிரைவர் ரோடு தாண்டிப் போன பிறகும் நின்றார்.