நெத்திலி இல்லை

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் "கழிசல்" காயும் நாற்றம் என் பள்ளிச் சீருடையின் மடிப்புக்குள்ளும் புகுந்திருக்கும். நல்ல மீனோடு வலையில் சிக்கி, ஏலத்துக்கு ஆகாமல், தரையில் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகும் குவியலுக்குத்தான் அந்தப் பெயர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், எட்டாவது படிக்கும்போது, அதைக் கிளறுவதுதான் என் விளையாட்டு. பாடப்புத்தகத்தில் இருக்கும் நாலு மீனோடு கடல் முடிந்துவிடுகிறது என்பதை நான் நம்பியதே இல்லை.

ஒரு நாள் அப்பாவின் படகு வழக்கத்தைவிட ஆழத்தில் வலை போட்டுத் திரும்பியபோது, குவியலில் விரல் நீள மீன் ஒன்று கிடந்தது. கண்ணாடி உடம்புக்குள் முள் தெரிந்தது. வயிற்றோரம் வரிசையாக ஊதாப் புள்ளிகள். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருவது வருஷமா கடலுக்குப் போறேன், இத பாத்ததில்ல" என்றார். லாஸ்பேட்டையில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு இதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்ததால், கெடாமலிருக்க அம்மாவும் நானும் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் உப்புப் போட்டுக் காயவைத்தோம். புள்ளிகள் போயின, கண்ணாடி உடம்பும் போயிற்று, எஞ்சியது கருவாடு. அழுது தீர்த்துவிட்டு, அட்டையில் "பெயர் தெரியாது" என்று எழுதி அதையேதான் கொண்டுபோனேன்.

நடுவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். என் எழுத்தை அடித்து "நெத்திலி" என்று எழுதினார். நான் அதை அடித்து, கீழே மறுபடியும் "பெயர் தெரியாது" என்று எழுதினேன். "ஏதாவது ஒரு பேர எழுதிடும்மா, பரிசு போயிடும்" என்று டீச்சர் காதோரம் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். வியாபாரத்தை முடித்துக் கூடையோடு நேரே வந்திருந்த அம்மா, நடுவரிடம் நிதானமாகச் சொன்னாள்: "தெனம் கூடை கூடையா விக்கிறேன் சார், நெத்திலி எனக்குத் தெரியாதா? இது நெத்திலி இல்ல." அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். பரிசு, சோடா மாவு பொங்கிய ஓர் எரிமலைக்குப் போனது.

இப்போது கழிசல் தரையில் காய்வதில்லை. படகிலிருந்து நேரே லாரியில் ஏறி, ஆலையில் மாவாகிவிடுகிறது. பெயர் வைக்காத எத்தனை உயிர்கள் அதில் அரைபடுகின்றன என்று பார்க்க ஆளில்லை என்பது எனக்கு இன்றும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு கூடையாவது கொட்டச் சொல்லிக் கிளறுகிறேன். "ஒனக்கு வேற வேலையில்லயாக்கா" என்கிறார்கள் லாரிக்காரர்கள். இல்லை. அந்தக் கருவாடு எப்போதோ உதிர்ந்துபோயிற்று, அட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் கடைசி வரி நான் எழுதியதுதான்.