எருமை இல்லாத கழுநீர்த் தொட்டி

போத்தனூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அந்த வருடம் மண்டிய கொசுவைப் போலப் பிறகு நான் எங்குமே பார்த்ததில்லை. வாழை மட்டையைத் தொட்டால் குப்பென்று கிளம்பும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது. பேசத்தான் யார் இருந்தார்கள்? ரயில்வேயில் கார்டாக இருந்த என் வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது.

கொசு எங்கிருந்து வருகிறதென்று எனக்கு நன்றாகத் தெரியும். எருமைக்காக அவர் சிமெண்டில் கட்டிவைத்த கழுநீர்த் தொட்டியிலிருந்துதான். எங்கள் பக்கம் அரிசி கழுவிய தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் சாக்கடையில் கொட்ட மனசு வராது. மாடு இருக்கிற வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றுவார்கள். அப்படித்தான் எங்கள் சந்துப் பெண்கள் காலையில் குண்டாவும் சட்டியுமாக எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வருவார்கள். ஊற்றிவிட்டு உடனே போய்விடுவார்களா என்ன? யார் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து ஒறம்பரை வந்திருக்கிறது, எந்த மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் அந்தத் தொட்டியடியில்தான்.

அவர் போன பிறகு ஒண்டியாளாக எருமையைப் பார்க்க முடியவில்லை. விற்றுவிட்டேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா குண்டாவோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"எருமைதான் போயிருச்சே அம்மணி, இனி இதை எங்க ஊத்தறது?"

"வாழைக்கும் தென்னைக்கும் எடுத்து ஊத்திக்கறேனுங்க அக்கா. நீங்க பாட்டுக்குக் கொண்டாங்க" என்றேன்.

இருந்ததே நாலு வாழை, ஒரு தென்னை. சந்து முழுக்கக் கொண்டுவந்து கொட்டினால் அவை எவ்வளவுதான் குடிக்கும்? தொட்டி நிறைந்து, புளித்து, நுரைத்து, புழு நெளிய ஆரம்பித்தது. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அப்புறம் அந்தக் கேட்டை யார் திறப்பார்கள்?

கூத்து என்னவென்றால், கொசு பெருகப் பெருக அவர்கள் நின்று பேசுவதும் குறைந்துபோனது. ஊற்றுவதும், கால் கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஓடுவதுமாக ஆனார்கள். நான் விடுவேனா? நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டுப் புகை மூட்டினேன். கொசுவோடு சேர்ந்து அவர்களும் இருமிக்கொண்டே ஓடினார்கள். குளத்தில் மீன்குஞ்சு பிடித்து வந்து விட்டேன். புளித்த கழுநீரில் பொழுது சாய்வதற்குள் எல்லாம் மல்லாந்து மிதந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினேன். அன்றைக்கு அக்கா நாற்றம் தாங்காமல் எட்ட நின்றே வீசி ஊற்றிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதெல்லாம் மலேரியாவுக்காக வீடு வீடாக டிடிடி அடிக்க ஆள் வருவார். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, மாடே இல்லாத ஊட்டுல இது எதுக்குங்க? ஊருக்கே கொசு வளக்கறீங்களா?"

"ஆமாங்க, வளக்கறேன். சந்தைக்கு ஓட்டிட்டுப் போகோணும்!" என்று எரிந்து விழுந்தேன்.

மனுஷன் சிரித்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. அடியில ஓட்டையை அடைச்சிருக்கற கட்டையப் புடுங்கிப்போட்டு, மண்ணைக் கொட்டி ரொப்பிப்போடுங்க. கொசு போச்சுன்னா நாலு பேரு வந்து நிம்மதியா உக்காந்து பேசிட்டுப் போவாங்கல்லங்க."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் நான் விழுந்தேன். அன்றே கட்டையைப் பிடுங்கினேன். மண்ணைச் சுமந்து கொட்டித் தொட்டியை நிரப்பி நொச்சிக் குச்சி நட்டேன். கொட்டாங்குச்சி, உடைந்த சட்டி ஒன்று விடாமல் பொறுக்கிக் கவிழ்த்தேன். தென்னையடியில் உட்காரக் கல் போட்டுக் கழுவிவிட்டேன். தோட்டம் பளிச்சென்று ஆனது. மறுநாள் காலையில் டிகாக்ஷனைக்கூட அதிகமாக இறக்கி வைத்தேன்.

அக்கா குண்டாவோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"அப்பாடா, ரொப்பிப்போட்டீங்களா? நல்ல வேலை செஞ்சீங்க அம்மணி. உங்க வாழை காஞ்சு போயிருமேன்னுதான் இத்தனை நாளா இந்தக் கொசுக்கடியில தூக்கிட்டு வந்தோம். முக்கு ஊட்டுல மாடு கட்டியிருக்கறாங்க. இனி அங்கயே ஊத்திக்கறோம்."

"காப்பி குடிச்சுட்டுப் போங்க அக்கா."

"இன்னொரு நாளைக்கு வாரேனுங்க. குண்டா கையில இருக்குதல்ல?"

அடக் கடவுளே! நான் அவர்களுக்காகத் தொட்டியை வைத்திருந்தேன். அவர்கள் எனக்காகத் தூக்கி வந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு வாருங்கள் என்று எனக்குக் கூப்பிடத் தெரியவில்லை. வெறுங்கையோடு வரலாம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. ஒரு வேலை இல்லாமல் இன்னொரு வீட்டுக் கேட்டைத் திறக்கிற பழக்கம் எங்கள் சந்தில் யாருக்குமே கிடையாது. அன்றைக்கு அழுதேன். டிகாக்ஷனை வாழைக்கு ஊற்றினேன்.

அடுத்த முறை மருந்தடிக்கிறவர் வந்தபோது கேட்டிலேயே நின்று தோட்டத்தை ஒரு நோட்டம் விட்டார்.

"அட, இப்பிடியல்ல இருக்கோணும்!"

"உள்ள வந்து கெணத்தடியையும் பாருங்க. கொட்டகைக்குப் பின்னால பாத்தீங்களா? சித்தெ நின்னு பாத்துட்டுப் போங்க."

"இங்க பாக்கறதுக்கு என்னங்கம்மா இருக்குது? வாரேனுங்க" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் தென்னையடிக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை.