அஞ்சு முழ டயர்

கடலூர் முதுநகரில் அபுல் ஹசனிடம் துணி வாங்காத வீடு குறைவு. சைக்கிள் கேரியரில் ஆள் உயரத்துக்குச் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் வழியாகச் சிதம்பரம் வரை போய்வருவார். அளவுகோல் ஒன்று மூட்டைக்குள் இருந்ததாகக் கேள்வி. அதை அவர் வெளியே எடுத்து யாரும் பார்த்ததில்லை. முழங்கையில் துணியைப் பிடித்து விரல் நுனியில் விட்டால் ஒரு முழம், அவ்வளவுதான். யாராவது சந்தேகமாகப் பார்த்தால், "என் கை தப்பாதும்மா" என்பார். மனிதருக்கு அந்தக் கையின் மேல் அப்படி ஒரு கர்வம்.

அறுபத்து நாலாம் வருஷம் அந்தக் கையே அவரை வம்பில் மாட்டிவிட்டது.

சைக்கிள் டயர் இரண்டும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. சைக்கிள் கடை கோவிந்தசாமி, "பாய், இனிமே ஒட்டுப் போடக்கூட எடம் இல்ல. புதுசா ஒரு ஜோடி மாட்டிடுங்க" என்று கையை விரித்துவிட்டார். கடையில் தொங்கிய டயர்களைப் பாய் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்று மெல்லிசு, ஒன்று சொரசொரப்பே இல்லை. இந்த மூட்டையைத் தாங்குமா இதெல்லாம்? அப்போதுதான் அவருக்குப் பினாங்கு ஞாபகம் வந்தது. மனைவி ரஹ்மத் பீவியின் தம்பி சேக் பரீது அங்கேதான் வேலை பார்த்தான். ரப்பர் விளைகிற சீமையில் இருப்பவனுக்கு டயரைப் பற்றித் தெரியாமலா போகும்? அவன் மளிகைக் கடையில் பருப்பு நிறுக்கிறவன் என்பதைப் பாய் பொருட்படுத்தவில்லை.

கப்பலேறப் போன ஒருவரிடம் சொல்லியனுப்பினார். நல்ல டயர் ஒரு ஜோடி வேண்டும், சுற்றளவு அஞ்சு முழம். சக்கரத்தைச் சுற்றித் தன் கையாலேயே அளந்த அளவு.

வந்து சேர்ந்த டயரைப் பார்க்கத் தெருவே கூடியது. கன்னங்கரேல் என்று கனத்த டயர். ஓரத்தில் வெள்ளைக் கோடு வேறு. பாய் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேர்வழியை விட்டுக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு கோவிந்தசாமியிடம் போனார்.

கோவிந்தசாமி இழுத்துப் பார்த்தார், மிதித்துப் பார்த்தார், வேர்த்துக் கொட்டியது. டயர் ரிம்மில் ஏறவில்லை.

"பாய், உங்க சக்கரம் இருபத்தெட்டு இஞ்சு. இது இருபத்தாறு. லேடீஸ் சைக்கிளுக்குப் போடுறது."

"அஞ்சு முழம்னு சொல்லித்தானய்யா அனுப்புனேன்!"

சொல்லி முடிக்கும்போதே பாய்க்கு விஷயம் உறைத்தது. பரீது குள்ளன். அவன் கையும் குட்டைக் கை. அவன் தன் கையால் அளந்த அஞ்சு முழம் அங்கே வட்டமாகக் கிடந்தது. கோவிந்தசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை; பாயும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

வீட்டில் ரஹ்மத் பீவி சிரிக்கவில்லை.

"தனக்குன்னு ஒரு நல்ல சட்டை எடுத்துக்காத புள்ள, உங்களுக்கு வாங்கி அனுப்பிருக்கு. அடுத்த மாசம் வர்றான். எறங்குனதும் மொதல்ல டயரத்தான் பாப்பான். பரண்ல கெடக்குதுன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவான்."

பாய்க்கும் அதே கவலைதான். பரீது எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிற பிள்ளை. அவன் செய்தது சரி என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் வாங்கிய டயர் அவன் கண் முன்னால் ஓடியாக வேண்டும். சக்கரத்துக்கு ஏற்ற டயர் கிடைக்கவில்லை, சரி. டயருக்கு ஏற்ற சைக்கிளைத் தேடுவோம் என்று கிளம்பிவிட்டார்.

சைக்கிள் சிதம்பரத்தில் கிடைத்தது. பட்டம்மாள் டீச்சர் அவருடைய வாடிக்கைக்காரர். பள்ளிக்கூடம் வீட்டுக்கு எதிரிலேயே மாறிவிட்டதால், அவருடைய லேடீஸ் சைக்கிளை அவர் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். நெட்டை மனிதர், மிதிக்கும்போது முழங்கால் ஹாண்டில் பாரில் இடிக்கும்.

"மாத்திக்கலாமாம்மா? என் சைக்கிள் சாருக்கு, உங்க சைக்கிள் எனக்கு," என்றார் பாய்.

"லேடீஸ் சைக்கிள்ல நீங்களா பாய்?" என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சார் அதற்குள் பாயின் சைக்கிளில் ஏறித் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

வெள்ளைக் கோட்டு டயர் தாடியும் கைலியுமான பாயைச் சுமந்துகொண்டு முதுநகருக்குள் நுழைந்த அன்று, ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பாய்க்கு ரோஷம் வரவில்லை. குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள் கைலிக்கு எவ்வளவு சௌகரியம் என்று அவருக்கு வழியிலேயே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கம்பியைத் தாண்டி அவஸ்தைப்பட்டவர், இப்போது வாசற்படி ஏறுவது போல ஏறி உட்கார்ந்தார்.

பரீது ரயிலை விட்டு இறங்கியதும் அக்கா சொன்ன மாதிரியேதான் நடந்தது. மச்சானுக்கு ஒரு சலாம், அடுத்த பார்வை டயருக்கு. குனிந்து வெள்ளைக் கோட்டைத் துடைத்தான். அவன் முகம் பூத்துப்போயிற்று. அதற்கப்புறம்தான் சைக்கிளைப் பார்த்தான்.

"என்னா மச்சான், லேடீஸ் சைக்கிளு?"

"கைலிக்குத் தோதுடா. டயரு எப்படி ஓடுதுங்கிற! வெண்ணெ மாதிரி."

பரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகப் பெட்டியின் மேலிருந்த சாக்குப் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே இன்னொரு ஜோடி, அதே வெள்ளைக் கோடு.

"ஒரு ஜோடி தேஞ்சா என்னா பண்ணுவீங்கன்னு வாங்கியாந்தேன். கடக்காரன் இருபத்தெட்டா இருபத்தாறான்னு கேட்டு உசுர எடுத்தான் மச்சான். அதெல்லாம் எனக்குத் தெரியாது, எங்க மச்சான் அளவு அஞ்சு முழம்னுட்டு நானே கைய வச்சு அளந்துட்டேன். சரியா இருக்கும்ல?"

அபுல் ஹசன் அந்தக் குட்டைக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒன் கை தப்பாது மச்சான்," என்றார்.