முனவ்வறாவின் வீட்டில் குடியேறிய ஜின்

1981ஆம் ஆண்டு, மே முதல் ஆகஸ்ட் வரை பதினான்கு வாரங்கள். சாய்ந்தமருது சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுத்த கச்சிமுகம்மது எழுத்தாளராக இருந்த காலம் அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து வரும் வாரப்பத்திரிகை ஒன்று அவருடைய ஜின் தொடர்கதையை வெளியிட்டது. கல்முனை பஸ் நிலையத்துக் கடையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பே பிரதிகள் முடிந்துவிடும். சாமான் வாங்க வந்த பெண்கள் உணவு முத்திரையை நீட்டிக்கொண்டே அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று கேட்டார்கள்.

கச்சிமுகம்மதுவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. குர்ஆன் சொல்லும் ஜின்களை நம்பினார். ஊரார் சொல்லும் ஜின்களை நம்பவில்லை. ஆனால் பயங்கரக் கதை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சரியாகப் பிடித்திருந்தார்.

"பொய் ஒண்டே ஒண்டுதான் இரிக்கோணும். மிச்சமெல்லாம் தொட்டுப் பாக்கக்கூடிய உண்மையா இரிக்கோணும்" என்று கடையில் கூட வேலை செய்த கனகரெத்தினத்திடம் சொல்வார்.

"அவ்வளவு உண்மைக்கு எங்க போவீங்க?"

"வீட்டுக்குத்தான்."

அங்கேதான் பிழை நடந்தது. அந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வாப்பா மௌத்தான பிறகு தங்கை முனவ்வறாவுக்கு வீடு கட்டும் பொறுப்பு கச்சிமுகம்மதுவுக்கு வந்தது. சுவர் எழும்பி ஓடு போட்ட நேரத்தில் 78ஆம் ஆண்டுச் சூறாவளி கூரையையும் கடல் பக்கத்து ஜன்னலையும் நிலையோடு பிடுங்கிக்கொண்டு போனது. மேசன் அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். பூசியது வேறு நிறத்தில் காய்ந்தது. விளிம்புடைந்த கிணறு ஒன்றும், கச்சான் காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்ளும் குசினிக் கதவு ஒன்றும் அங்கே இருந்தன. எல்லாவற்றையும் அப்படியே கதையில் வைத்தார். அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் ஜின் அழுதது. கிணற்றடியில் ஈரக் காலடி கிடந்தது. மூடி வைத்த சட்டியில் சோறு குறைந்தது. வீட்டில் ஓர் இளம்பெண் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முனவ்வறாவுக்கு இருபத்தாறு வயது. கல்முனையில் கிளாக்கராக இருந்த றஸாக்குக்குப் பேசி, ஹஜ் மாதம் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. ஒன்பதாவது வாரம் வெளியான மறுநாள் றஸாக்கின் தாய் பாத்தும்மா வீட்டைப் பார்க்க வந்தார். உள்ளே வரவில்லை. கடல் பக்கமாகப் போய்ப் பூச்சைத் தடவிப் பார்த்தார்.

"இதுதானா தம்பி அந்த ஜன்னல்?"

"அது கதை மாமி. இது சூறாவளி பிச்ச இடம். மேசன்தான் அடைச்சவர்."

"கதையிலயும் மேசன்தானே அடைக்கிறான்."

"நான் எழுதினதுதானே மாமி."

"ஓம், எழுதின நீங்க. இஞ்ச வந்து படுக்கப்போறது என்ட மகன்."

பாத்தும்மா போன பிறகு முனவ்வறா விறாந்தையில் நின்ற அண்ணனிடம் வந்தாள்.

"எழுதித்தானே ஜின்னக் குடியேத்தின காக்கா. எழுதியே குடியெழுப்பி விடுங்க."

அவரும் ஒப்புக்கொண்டார். பதினான்காவது வாரம் வரும் கடைசி அத்தியாயத்தில் ஜின்னே இல்லை என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அழுகைக்குக் காற்றைச் சொல்லலாம், கதவுக்கும் சொல்லலாம். காற்றுக்குக் கால் இல்லை, அது சோறும் தின்னாது. பதின்மூன்று வாரம் எழுதி அச்சான விஷயங்களுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். ஒரு மனிதனை உண்டாக்கினார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு வேலி பாய்ந்து வந்து, சோற்றைத் தின்று, சுவருக்கு அப்பால் நின்று அழும் ஒருவன். அந்த வீட்டுப் பெண்ணை விரும்பியவன்.

பத்திரிகை ஆசிரியர் ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டார். கச்சிமுகம்மது பத்திரிகையை வாங்கித் தானே கொண்டுபோய்ப் பாத்தும்மாவின் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கல்யாணம் பேசிக்கொடுத்த சீனித்தம்பி கடைக்கு வந்தார். சனம் கலையும்வரை மூலையில் நின்றார்.

"ஜின் எண்டா ஓதிப் பாத்திரிக்கலாம், தண்ணி தெளிச்சிரிக்கலாம். வேலி பாஞ்சவனுக்கு எத ஓதுற எண்டு கேக்கா அந்த மனிசி."

"அப்புடி ஒராள் இல்ல. நான் உண்டாக்கினவன்."

"ஜன்னல் எங்க எண்டு போய்ப் பாத்தா, இரிக்கி. கிணறும் இரிக்கி. ஆள் மட்டும் இல்ல எண்டா ஆரு நம்புற?"

நம்ப வைக்கும் வித்தையைக் கச்சிமுகம்மதுதான் பதினான்கு வாரம் ஊருக்குப் பழக்கியிருந்தார். ஜின் இருந்தவரை அந்த வீட்டில் நடந்ததெல்லாம் ஜின்னின் தலையில் விழுந்தது. பெண்ணின் நடத்தையை யாரும் விசாரிக்கவில்லை. ஜின்னை அவர் வெளியேற்றிய பிறகு வீட்டில் முனவ்வறா மட்டும் மிஞ்சினாள்.

கல்யாணம் முறிந்த செய்தியைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"ஜின்னோட இரிந்திருந்தா பாவம் எண்டாவது சொல்லியிருப்பாங்க" என்றாள்.

பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. வாசகர் வரவேற்பு நன்றாக இருப்பதாகவும் இன்னொரு தொடர் உடனே வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அவர் பதில் போடவில்லை.

1982 மார்ச் மாதம் முனவ்வறாவை சம்மாந்துறையில் மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருந்த அரிசி மில்காரர் ஒருவர் கட்டினார். அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. நிக்காஹ் முடிந்த அன்று பின்னேரம், அவர்கள் தெருவில் எந்தப் பெண்ணும் செய்திராதபடி, அவள் மாப்பிள்ளையின் வீட்டுக்குக் குடிபோனாள்.